ஆற்றின் ஆழம் கெஜட்டில் வந்த காலம்

கரிவலம்வந்தநல்லூர்க்காரன் கப்பலைப் பற்றி எழுதுகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்கு ஒரு ஆறு உண்டு, நிட்சேப நதி. வருடத்தில் பெரும்பாலான நாள் அதில் மணலும் கருவேலமும்தான். அதில் படகு போய் நான் பார்த்ததில்லை. எங்கள் தாத்தாவும் பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீரை அளக்கிற பழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் உண்டு. தாத்தா காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அணை நீர்மட்டம் போடுகிற அந்தச் சின்னக் கட்டத்தை. பாபநாசம் 143 அடியில் எத்தனை, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை. இரண்டு அணைத் தண்ணீரும் எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இருந்தாலும் படிப்பார், சத்தமாக. பிறகு குளத்தங்கரைக்குப் போய் மடைக்காரரிடம் கேட்பார்: "என்னப்பா, எத்தனை படி தெரியுது?" மடைக்கல்லின் படிகளில் எத்தனை தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்று அர்த்தம். மூன்று படி தெரிந்தால் நெல் போடலாம், ஐந்து தெரிந்தால் யோசிக்கணும். மூன்று, ஐந்து என்கிற எண் தண்ணீரின் ஆழம் கிடையாது. ஆனால் அந்தக் குளத்தைத் தெரிந்தவனுக்கு அந்த எண் போதும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன சில மாதங்களாக கங்கையில் ஓடிய நீராவிப் படகுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தகவல் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. 19ஆம் நூற்றாண்டில், வறண்ட மாதங்களில், பாகீரதி, ஜலங்கி, மாதாபங்கா ஆகிய மூன்று ஆறுகளில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை கல்கத்தா கெஜட்டில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். நம்ம பேப்பரில் அணை நீர்மட்டம் வருகிற மாதிரி. தாத்தாவின் இடத்தில் ஒரு கல்கத்தா வியாபாரியை உட்கார வைத்துப் பார்த்தேன். பாட்னாவிலிருந்து அவருடைய சரக்கு வரவேண்டும். அவரும் காலையில் அதைத்தான் முதலில் தேடியிருப்பார்.

அந்த மூன்று ஆறுகளுக்கும் சேர்த்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் நதியா ஆறுகள். கங்கை வங்காளத்துக்குள் நுழைந்ததும் பெரும்பகுதித் தண்ணீர் பத்மா என்ற பெயரில் கிழக்கே போய்விடுகிறது. தெற்கே பிரிந்து ஹூக்ளியாக கல்கத்தாவுக்கு வருவது சின்னக் கிளைகள். மழைக்காலத்தில் அவை பெரிய ஆறுகள். மாசி, பங்குனி வந்தால் கிளை பிரிகிற வாயிலேயே மணல் மேடு எழுந்து அடைத்துக்கொள்ளும். கல்கத்தா என்கிற தலைநகரத்துக்கும் வட இந்தியாவுக்கும் நடுவே இருந்த ஒரே பெரிய சாலை, வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும்!

அதனால் அந்த ஆறுகளுக்கென்றே ஒரு அதிகாரி, சுங்கம் வசூல், வசூலித்த பணத்தில் பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு வந்தது. பராமரிப்பு எப்படி? இன்றைக்கு மாதிரி தூர்வாரும் இயந்திரம் கிடையாது. மூங்கில் கழிகளை ஆற்றில் சாய்வாக ஊன்றி, அதில் மூங்கில் தட்டியைக் கட்டுவார்கள். இதற்குப் பெயர் பந்தல். காதுக்கு நம்ம பந்தல் மாதிரிதான், தண்ணீருக்குள் போட்ட பந்தல். இரண்டு பக்கமும் பந்தல் வைத்தால் நீரோட்டம் நடுவே குவியும், வேகம் கூடும், அந்த வேகமே அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு போய்விடும். ஆற்றை வைத்தே ஆற்றைத் தூர்வாருவது. எவ்வளவு மலிவான, புத்திசாலித்தனமான வேலை! இன்றைக்கும் கங்கையில் இதைச் செய்கிறார்கள், பெயரும் மாறவில்லை.

ஆனால் பந்தலை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டுமானால் மணல் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் இருக்காது. ஆகவே அளக்க வேண்டும், திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

1834இல் இந்த ஆற்றில் நீராவிப் படகுச் சேவை வந்தது. 'லார்ட் வில்லியம் பென்டிங்க்' என்ற இரும்புப் படகு இங்கிலாந்தில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, கல்கத்தாவில் பூட்டப்பட்டு, அந்த வருடமே அலகாபாத்துக்குக் கிளம்பியது. ஏற்பாட்டின் மூளை ஜேம்ஸ் ஹென்றி ஜான்ஸ்டன் என்ற கடற்படை ஆசாமி. டிரஃபால்கர் போரில் இருந்தவர். அந்தப் பெருங்கடல் அனுபவமெல்லாம் கங்கையில் செல்லாது என்பதை அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். அவர் செய்த முக்கியமான முடிவு, இயந்திரத்தையும் சரக்கையும் பிரித்தது. ஒரே கப்பலில் எஞ்சின், நிலக்கரி, சரக்கு, பயணி எல்லாவற்றையும் ஏற்றினால் அது ஆழமாக அமிழும். அதனால் எஞ்சின் ஒரு படகில், பயணிகளும் சரக்கும் பின்னால் இழுத்துவரப்படும் தட்டையான இன்னொரு படகில். இரண்டும் சில அடி தண்ணீரில் மிதக்கும். கட்டமைப்பைப் பிரித்து எடையைக் குறைப்பது எங்கள் தொழிலில் இன்றைக்குப் புதுசு மாதிரி பேசுகிற விஷயம். அந்த ஆள் 1830களிலேயே செய்துவிட்டார்.

அப்படியும் கோடையில் பாகீரதி வழி மூடிவிடும். அப்போது கல்கத்தாவிலிருந்து கிழக்கே, சுந்தரவனக் காட்டுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து பத்மாவைப் பிடித்து, அதில் எதிர்நீச்சல் போட்டு மேலே வர வேண்டும். நேர்வழியே ஏறக்குறைய 800 மைல். இந்தச் சுற்றுவழியில் கூடுதலாகச் சில நூறு மைல். எத்தனை நாள் ஆகும், எவ்வளவு கரி வேண்டும், என்ன கட்டணம் என்று எல்லாமே பாகீரதியின் வாயில் எத்தனை அடி தண்ணீர் என்கிற ஒரு எண்ணைப் பொறுத்தது. கெஜட்டில் ஏன் போட்டார்கள் என்று இப்போது புரிகிறதா?

கெஜட் வியாபாரிக்கு. படகில் நிற்கிறவனுக்கு அது போதாது. அச்சாகி வருவதற்குள் ஆறு மாறியிருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், அது பழைய கேஷ். அதனால் இரண்டாவது அடுக்கு ஒன்று இருந்தது: ஒவ்வொரு பகுதிக்கும் அந்த ஊர்க்காரரே வழிகாட்டியாக ஏறுவார், தன் எல்லை முடிந்ததும் இறங்கிவிடுவார், அடுத்தவர் ஏறுவார். மூன்றாவது அடுக்கு, படகின் முனையில் மூங்கில் கழியோ கயிறோ வைத்துக்கொண்டு நிற்கிற கலாசி. அவர் ஆழத்தை ராகம் போட்டுக் கத்திக்கொண்டே வருவார். வங்காளியில் அந்த அளவுக்குப் பெயர் 'பாவ்ன்': இரண்டு கையையும் அகல விரித்தால் எவ்வளவோ அவ்வளவு, கிட்டத்தட்ட ஆறு அடி. நம்ம தூத்துக்குடி மீனவர்கள் 'பாகம்' என்பார்கள், அதே அளவு. அமெரிக்காவில் மிசிசிப்பி படகுகளில் இரண்டு பாகத்துக்கு 'மார்க் ட்வைன்' என்று கத்தினார்கள், ஒரு எழுத்தாளர் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். அது எல்லோருக்கும் தெரியும். நமக்குத் தெரியாமல் போனது தாகூர்.

தாகூரின் 'சுட்டி' என்ற சிறுகதை. வங்காளியில் விடுமுறை என்று அர்த்தம். கிராமத்திலிருந்து கல்கத்தாவில் மாமா வீட்டுக்குப் படிக்க அனுப்பப்படும் ஃபடிக் என்ற பையன், அங்கே ஒட்டாமல், காய்ச்சலில் விழுந்து, கடைசியில் பிதற்றுகிறான். என்ன பிதற்றுகிறான் தெரியுமா? கல்கத்தாவுக்கு வந்த வழியில் ஸ்டீமர் கலாசிகள் கயிறு விட்டு ஆழம் பார்த்துக் கத்தியதை. அவன் இறங்குகிற ஆழத்தில் கயிறு தரை தொடவில்லை. கல்லூரிக் காலத்தில் மொழிபெயர்ப்பில் படித்தபோது அந்த இடம் எனக்கு விளங்கவே இல்லை, ஏதோ பிதற்றல் என்று தாண்டிப் போய்விட்டேன். இருபது வருடம் கழித்து ஆற்றுப் போக்குவரத்து வரலாறு வழியாகப் போய்த்தான் அந்தக் கதை எனக்குத் திறந்தது.

சரி, ஆழத்தை விட்டுக் காற்றுக்கு வருவோம்.

கல்கத்தா கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஹூக்ளி வழியாக நூறு மைலுக்கு மேல் உள்ளே வர வேண்டும். ஆற்றுக்குள் இருக்கிற துறைமுகம் பத்திரமானது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 1864 அக்டோபர் 5ஆம் தேதி அந்த நினைப்பு போனது. புயலோடு சேர்ந்து கடல் அலை ஆற்றுக்குள் ஏறியது. துறைமுகத்தில் கட்டியிருந்த ஏறக்குறைய இருநூறு கப்பல்களில் பெரும்பாலானவை சங்கிலி அறுந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின, கரையில் ஏறின. ஹூக்ளிக் கரையோரத்தில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல்.

பிறகு காஸ்ட்ரெல், பிளான்ஃபோர்டு என்ற இருவர் உட்கார்ந்து, கப்பல்களின் குறிப்பேடுகளை எல்லாம் வாங்கி, காற்றின் திசையையும் காற்றழுத்தத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். புயல் கல்கத்தாவைத் தொடுவதற்குச் சில நாள் முன்பிருந்தே வங்கக் கடலில் இருந்திருக்கிறது. பார்த்த கப்பல்கள் இருந்தன. பார்த்ததைச் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்தியாவில் இதுதான் முதல். பிளான்ஃபோர்டு 1867இல் வங்காளத்தின் வானிலை அதிகாரி ஆனார். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது அதற்கும் அவர்தான் தலைவர். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் 'மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது' என்று நாம் செய்தியில் கேட்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் ஒரு ஆற்றுத் துறைமுகத்தில் இருக்கிறது.

இதே கதை அமெரிக்காவின் பெரும் ஏரிகளிலும் நடந்தது, கொஞ்சம் தள்ளி. அங்கே இன்கிரீஸ் லாபம் என்று ஒருவர், மில்வாக்கி ஊர்க்காரர். பெயரைத் தமிழில் எழுதினால் பங்குச்சந்தை ஆலோசகர் மாதிரி இருக்கும், ஆனால் உண்மையான பெயர். பெரிய படிப்பு இல்லை, கால்வாய் வேலையில் நில அளவை கற்றுக்கொண்டு, செடி, கல், மழை என்று எதையும் விடாமல் குறித்து வைத்தவர். எனக்குப் பிடித்த ரகம். 1868இல் ஏரிகளில் 1,164 கப்பல் விபத்துகள், 321 சாவு. 1869இல் 1,914 விபத்துகள், 209 சாவு. இந்தப் பட்டியலையும் பத்திரிகை நறுக்குகளையும் ஒட்டி, ஹால்பர்ட் பெய்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்கு அனுப்பினார். புயல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது, மேற்கே இருப்பவன் தந்தி அடித்தால் கிழக்கே இருப்பவன் பிழைப்பான், இவ்வளவுதான் வாதம். 1870 பிப்ரவரி 9ஆம் தேதி ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட்டார். அந்த நவம்பர் 8ஆம் தேதி ஏரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை எழுதியது லாபமேதான். இன்றைய அமெரிக்க வானிலைச் சேவை அதிலிருந்து வந்தது. உப்பில்லாத தண்ணீரில் ஓடும் கப்பலுக்காக.

வங்காளத்துப் படகுக்காரர்களுக்குப் பெரும்புயலைவிட தினசரி எமன் சித்திரை, வைகாசியில் திடீரென்று வரும் கால்பைசாகி என்கிற இடிப்புயல். பத்மாவில் ஆறு பல மைல் அகலம், நடுவில் மாட்டிக்கொண்டால் கடல்தான். வங்கதேசத்தில் இன்றும் கடல் துறைமுகங்களுக்கு ஒரு எச்சரிக்கை எண் வரிசை, ஆற்றுத் துறைமுகங்களுக்குத் தனியாக இன்னொரு வரிசை. நம்மில் எத்தனை பேருக்கு ஆற்றுக்கும் கூண்டு ஏற்றுவார்கள் என்று தெரியும்?

1860களில் ரயில் வந்தது. கங்கையில் நீண்டதூர ஸ்டீமர் தேய்ந்தது. ரயில் வேகமானது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் பங்குனியிலும் அதே பாதையில் போகும், ஐப்பசியிலும் அதே பாதையில் போகும். வியாபாரிக்கு வேகத்தைவிட அந்த நிச்சயம்தான் முக்கியம். அஸ்ஸாம் பக்கம், தண்ணீர் ஏராளமாக இருந்த பிரம்மபுத்திராவில், ஸ்டீமர்கள் 1965 போர் வரை ஓடின என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் வேறு ஜாதி. அது கடல் ஏற்றவற்றத்தை நம்பிய உப்பங்கழி வழி, 1965, 66 புயல்களுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கங்கைக்குத் திரும்புவோம். 1986இல் ஹல்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர், தேசிய நீர்வழி 1 என்று அறிவித்தார்கள். 2018 ஜனவரியில் ஜல் மார்க் விகாஸ் திட்டத்துக்கு உலக வங்கி உதவியோடு 5,369 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அந்த நவம்பரில் கல்கத்தாவிலிருந்து 16 கன்டெய்னர்களுடன் ஒரு கப்பல் வாரணாசி வந்து சேர்ந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருக்கலாம். திட்டத்தின் வாக்குறுதி முழுக்க ஒரு எண்ணில் இருக்கிறது: குறைந்தபட்சம் கிடைக்கும் ஆழம். கீழ்ப்பகுதியில் 3 மீட்டர், மேலே போகப்போக 2.5, 2.2 மீட்டர். அதை வைத்திருக்க அளவீட்டுப் படகுகள், ஒலி அலை வைத்து ஆழம் பார்க்கும் கருவி, செயற்கைக்கோள் இடங்காட்டி, கப்பல்களைக் கண்காணிக்கும் ஆற்றுத் தகவல் மையங்கள். 2019 முதல் அந்த ஆழங்களை இணையத்திலும் போடுகிறார்கள். கெஜட்டுக்குப் பதில் வெப்சைட், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் 'குறைந்தபட்சம்' என்ற சொல்தான் முக்கியம். 100 கிலோமீட்டரில் 99 கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் ஆழம், ஒரே ஒரு மணல்மேட்டில் ஒன்றரை மீட்டர் என்றால், கப்பலுக்கு அந்த ஆறு ஒன்றரை மீட்டர் ஆறுதான். சராசரி எடுத்தால் கப்பல் தரை தட்டும். கணக்கும் ஈவிரக்கமில்லாதது. 100 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள படகை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் ஆழம் குறைந்தால் 120 கனமீட்டர் தண்ணீரை அது விலக்க முடியாமல் போகிறது. அதாவது நூறு டன்னுக்கு மேல் சரக்கைக் கரையில் விட்டுப் போக வேண்டும். பத்து லாரிச் சரக்கு. ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை, அதற்குள் லாபம் போச்சு.

ஜெர்மனிக்காரர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ரைன் நதியில் காவுப் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு நீர்மட்டக் கம்பம். அந்தக் கம்பத்தின் எண் இத்தனைக்குக் கீழே போனால் சரக்குக் கட்டணம் இத்தனை கூடும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. உடனே 'ரைன் நதியில் ஒரு சாண் தண்ணீர்' என்று நினைத்துவிடக் கூடாது. கம்பத்தின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை. கிட்டத்தட்ட 1.1 மீட்டர் கூட்டினால்தான் கப்பல் பாதையின் ஆழம். எங்க ஊர் மடைக்கல் கதைதான்: எண் ஆழமல்ல, ஆனால் அதை நம்பி எல்லோரும் முடிவெடுக்கலாம். நஷ்டம் யாருக்கு என்பது தண்ணீர் வற்றும் முன்பே தீர்ந்துவிடுகிறது. நம்ம கங்கையில் எண் இருக்கிறது, அந்த எண்ணின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை இன்னும் வரவில்லை. 2023 ஜனவரியில் 'கங்கா விலாஸ்' சுற்றுலாக் கப்பல் பீகாரில் சாப்ரா பக்கம் ஆழமில்லாமல் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது, அதெல்லாம் இல்லை, திட்டப்படிதான் போகிறது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். எது சரி என்பதைவிட, மக்கள் முதல் செய்தியை உடனே நம்பினார்கள் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

இன்னொரு பெரிய விஷயம் பாக்கி இருக்கிறது. பாகீரதியின் வாய் அடைக்கிற பிரச்சினைக்குக் கடைசியில் என்ன செய்தார்கள்? கங்கையையே திருப்பினார்கள். 1975இல் ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கியது. சுமார் 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 40,000 கனஅடித் தண்ணீரை பாகீரதிக்குள் விட்டு, கல்கத்தா துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்ல வேண்டும் என்பது நோக்கம். பந்தல் செய்த அதே வேலை, ராட்சச அளவில். இந்தப் பக்கம் கப்பலுக்குத் தண்ணீர் கிடைத்தது. அந்தப் பக்கம், வங்கதேசத்தில், கோடையில் பத்மா மெலிந்தது. தென்மேற்கே கொராய் ஆற்றின் வாய் வறண்டு, உப்பு உள்ளே ஏறியது. கப்பல் போக்குவரத்து பற்றிப் பேசும்போது இதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். மடைக்காரர் வீட்டில் பிறந்தவன் யாரும் அப்படி வைக்க மாட்டான். ஒரு மடையைத் திறந்தால் இன்னொரு வயலுக்குக் குறையும். அதற்காக ஊரில் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது.

1996 டிசம்பர் 12ஆம் தேதி இரு நாடுகளும் 30 வருட ஒப்பந்தம் போட்டன. ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகப் பிரித்துப் பங்கீடு. ஃபரக்காவில் 70,000 கனஅடி அல்லது அதற்குக் கீழே வந்தால் பாதிக்குப் பாதி. 75,000க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி அவர்களுக்கு. இரு நாட்டு ஆட்களும் சேர்ந்து ஃபரக்காவிலும், வங்கதேசத்தில் ஹார்டிஞ்ச் பாலத்திலும் தினமும் அளக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் எந்தப் பத்து நாளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று இணைப்பில் போட்ட அட்டவணை, 1949 முதல் 1988 வரையிலான 40 வருடச் சராசரி. கப்பல் ஓட்டுகிற கலாசி சராசரியை ஒருநாளும் நம்பியிருக்க மாட்டான். கையெழுத்தான அடுத்த கோடையிலேயே, 1997இல், அட்டவணையில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்த தண்ணீர்தான் வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் 30 வருடம் 2026 டிசம்பரில் முடிகிறது. புதிய அட்டவணையில் எந்த வருடங்களின் எண்களை எடுப்பார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.